பழைய மாடலுக்கு விலை சொன்னவன்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்த நேரத்தில் தமிழரசி போன் செய்தாள். விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த பழைய கம்ப்யூட்டர் கடையில் பதினைந்து வருஷமாக இருப்பவள். இப்போது என் நாற்காலியில் அவள்தான் உட்காருகிறாள்.

"அண்ணே, புது மாடல் டெஸ்க்டாப் வந்துடுச்சு. ஷேப்பையே மாத்திட்டான். காலையிலேர்ந்து பழசத் தூக்கிக்கினு நாலு பேரு வந்துட்டாங்க. என்ன வெலைக்கு எடுக்கறதுன்னே தெரியல. ஆப்ல போட்டா ஒரு வெல காட்டுது, சின்ன முதலாளி வேற வெல சொல்றாரு. பேஜாரா இருக்குண்ணே. நீங்க இருந்தா என்ன போட்டிருப்பீங்க?"

எனக்குத் தெரியவில்லை. வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. இந்தத் தொழிலில் மூன்று மாதம் ஒதுங்கியிருந்தாலே கண்ணைக் கட்டிவிடும். "ஆப் சொல்றதையே போடும்மா" என்றேன்.

அவள் விடவில்லை. "அப்போ நீங்க எப்படிப் பாத்தீங்க, எப்படி வெல சொன்னீங்கன்னாவது எழுதிக் குடுங்க. புதுசா சேந்தவங்க படிக்கட்டும்."

எழுத உட்கார்ந்தேன். மெஷினைப் பார்க்கும் முறையை எழுதினால் ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. விலை சொன்ன கதையை எழுதப் போனால் கலைச்செல்வி என்ற பெண்ணைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆகவே இரண்டையும் எழுதுகிறேன். தமிழரசி இதை யாருக்குக் காட்டுவாளோ, அது அவள் இஷ்டம்.

என் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போனவர்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். சென்னையில் பத்து வருஷம் ஒரு ரிப்பேர் கடையில் கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆனதும் ஊர்ப்பக்கம் வந்து விழுப்புரத்தில் இந்தக் கடையில் சேர்ந்தேன். அதன்பிறகு இருபத்து நான்கு வருஷம் வேறு எங்கும் போகவில்லை.

பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சுத்தம் செய்து விற்கும் கடை. சேர்த்துக்கொண்டபோது மெக்கானிக் என்றார்கள். ஒரே வருஷத்தில் விலை சொல்பவனாகிவிட்டேன். அதற்குக் காரணம் முதலாளியின் சுபாவம்.

முதலாளி குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் வந்தாலும் எழுந்து நிற்பார். நாற்காலியைத் தானே இழுத்துப் போடுவார், தண்ணீர் கொடுப்பார். ஊர், தொழில், பிள்ளைகள் என்று பத்து நிமிஷம் விசாரிப்பார். விற்க வந்தவர் மனது இளகிப் போயிருக்கும்போது, "நீங்க என்ன எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் கைக்குட்டையால் அந்த மெஷினின் திரையை மெதுவாகத் துடைப்பார். அவர்கள் ஒரு விலை சொல்வார்கள். முதலாளி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். என் பக்கம் திரும்பி, "பிரகாசம், பாருங்க" என்பார்.

சில நேரம் "பிரகாசம், நல்லா பாருங்க" என்பார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது. "பாருங்க" என்றால் நியாயமான விலை. "நல்லா பாருங்க" என்றால் குறை. எவ்வளவு குறைப்பது என்பது என் பொறுப்பு. கெட்ட செய்தி எப்போதும் என் வாயிலிருந்துதான் வந்தது. வந்தவர்கள் என்னை முறைத்துவிட்டு, போகும்போது முதலாளியைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

பார்ப்பது எப்படி என்று தமிழரசி கேட்டாளே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கரண்ட் கொடுக்காமல் பார்க்க வேண்டும். மூலைகளில் விரலை ஓட்டினால் கீழே விழுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து முகர வேண்டும். சாம்பிராணி வாடை வந்தால் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த மெஷின், உள்ளே புகை படிந்திருக்கும். பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையிலிருந்து வந்ததென்றால் மை வாடை போகவே போகாது. கடலோரப் பக்கத்திலிருந்து வருவதன் திருகாணிகளில் துரு இருக்கும். பிறகு கரண்ட் கொடுத்து, திரை முழுக்க வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றி வைத்து நேராகவும் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். கீழ் ஓரத்தில் மஞ்சள் படர்ந்திருந்தால் அதற்குத் தனிக் கழிவு. இருபது நிமிஷம் ஓடவிட்டு முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்றால் உள்ளே விசிறி போய்விட்டது. கீபோர்டில் எந்த எழுத்து தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் என்ன தொழிலுக்கு ஓடியது என்று சொல்லிவிடலாம். கடைசியாக, விற்பவரே என் கண்ணெதிரில் தன் கணக்கிலிருந்து வெளியேறி, பாஸ்வேர்டை நீக்கி, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அந்த இடத்தில் நிறையப் பேர் "ஒரு நிமிஷம் சார்" என்பார்கள். ஏதாவது ஒரு போட்டோவைத் தேடுவார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு சீட்டில் விலை எழுத வேண்டும். ஆனால் கம்பெனிக்காரன் ஷேப்பை மாற்றிவிட்டான் என்றால் இதில் எதுவுமே கணக்கில் வராது. "பாடி மாறிடுச்சு" என்போம். அந்த இரண்டு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். கீறல் இல்லாமல், சூடு இல்லாமல், அட்டைப்பெட்டியோடு வந்தாலும் ஒரே ராத்திரியில் பழசு.

இதை நான் முதலில் முழுசாகப் பார்த்தது திண்டிவனத்தில். தட்டையான திரை வந்த சமயம். ஒரு பிரவுசிங் சென்டர்காரர் பெரிய டப்பா மானிட்டர் வைத்த பன்னிரண்டு மெஷின்களை விற்க வேண்டுமென்று சொல்லியனுப்பினார். போனேன். ஒவ்வொன்றுக்கும் அவர் மனைவி பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தார். பன்னிரண்டு உறையையும் அவரே கழற்றி வைத்தார், நான் பன்னிரண்டையும் பார்த்தேன். எல்லாம் நன்றாக ஓடின. விலையைச் சொன்னேன். அவர் பன்னிரண்டு உறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மாட்டினார். மாட்டி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். கிளம்புவதா, நிற்பதா என்று தெரியவில்லை. கடைசி உறையை மாட்டியதும், "டீ சாப்பிட்டுப் போங்க" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பாடி மாறின. மனது கொஞ்சம் மரத்துப் போனது உண்மை. சம்பளம் வந்தது, மகளைப் படிக்க வைத்தேன், வீடு கட்டினேன். என்னிடம் கேட்டால் நல்ல வேலை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கலைச்செல்வி வந்தது அந்த மாதிரி ஒரு சமயத்தில்தான்.

முப்பது வயது இருக்கும். கண்டாச்சிபுரத்துக்காரர். திண்டிவனத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒன்பது வருஷம் கல்யாண ஆல்பம் வடிவமைத்தவர். ஸ்டுடியோவிலிருந்து விலகி, கிடைத்த தொகையோடு சொந்த ஊரிலேயே தனியாக ஆரம்பிக்க நினைத்தார். கூட வேலை பார்த்த ரோஸி என்ற பெண்ணும் பங்கு போட்டிருந்தாள். பல ஸ்டுடியோக்களிலிருந்து படங்களை வாங்கி, ஆல்பமாக்கி அனுப்புவது திட்டம். ஒருவர் ஸ்கூட்டியில் முன்னால், ஒருவர் பின்னால் என்று இருவரும் வெயிலில் வந்து இறங்கினார்கள். எங்கள் கடையில் அந்த நேரம் திரையும் மெஷினும் ஒரே துண்டாக இருக்கும் உயர்ந்த ரக டெஸ்க்டாப் பதினான்கு இருந்தன. புதுச்சேரியில் மூடிய ஓர் ஆபீசிலிருந்து மொத்தமாக எடுத்தது. ஆல்பம் வேலைக்கு அதைவிட நல்ல மெஷின் கிடையாது. கலைச்செல்வி நிறத்தைப் பார்த்தார், ரோஸி ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். இருவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்று அறுபத்தெட்டாயிரம். இரண்டு வேண்டுமென்றார்கள்.

நான் மறைக்காமல் எழுத வேண்டிய இடம் இது. அதற்கு இரண்டு நாள் முன்பு, சென்னையிலிருந்து எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர் முதலாளிக்குப் போன் செய்திருந்தார். புது மாடல் பதினைந்து நாளில் வருகிறது, ஷேப் முழுக்க வேறு, உள்ளே சிப்பும் வேறு, கையில் இருக்கும் பழசை ஜல்தியாகத் தள்ளிவிடுங்கள் என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நானும் கேட்டேன். முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

கலைச்செல்வி விவரமானவர். பணம் எடுப்பதற்கு முன்னால் நேராகக் கேட்டார். "சார், இதுல புது மாடல் ஏதாவது வரப்போவுதா? யூடியூப்ல ஒருத்தர் சொல்லிக்கினு இருந்தாரு. வந்தா இது வெல எறங்கிடும் இல்ல?"

முதலாளி திரையைத் துடைத்தபடி, "பிரகாசம், நீங்க நல்லா சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன்: "வருஷா வருஷம் அப்படித்தாம்மா சொல்லிக்கினே இருக்காங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன், ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "சரிங்க சார்" என்று பையைத் திறந்தார்.

பதின்மூன்றாம் நாள் புது மாடல் வந்தது. தடிமனே இல்லாமல், ஏழெட்டு நிறத்தில். பத்திரிகையிலெல்லாம் படம் போட்டார்கள். அந்த வாரமே பழைய ஷேப்புக்குக் கேட்பவர் இல்லை. எங்களிடம் அதற்குள் இரண்டே மிச்சம் இருந்தன. முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் கலைச்செல்வி போன் செய்தார். ரோஸிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளைக்குப் புதுச்சேரிப் பக்கம் குயிலாப்பாளையம், பங்கைக் கேட்கிறாள், ஒரு மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முதலாளி, "போய்ட்டு வாங்க பிரகாசம். நல்லா பாருங்க" என்றார்.

கண்டாச்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போனேன். சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு உரக்கடையின் மாடியில் அறை. வாசலில் செருப்பு விடும் இடத்திலேயே கோலம் போட்டிருந்தது. உள்ளே இரண்டு மேஜை, இரண்டு மெஷின், ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் காற்று மனுஷருக்கு இல்லை, மெஷின்களின் முதுகுக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ரோஸி ஜன்னலோரம் நின்றாள்.

நான் பார்க்க ஆரம்பித்தேன். எப்போதும்போல மூலைகளில் விரலை ஓட்டினேன். முகர்ந்தேன். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். இருபது நிமிஷம் ஓடவிட்டேன். ஒன்றரை மாதம் முன்பு நானே துடைத்துக் கொடுத்த மெஷின், அதே போல இருந்தது. சொல்லப்போனால் எங்கள் கடையில் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. கீழே யாரோ உர மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"மெஷின் நல்லா இருக்குதா சார்?" என்றார் கலைச்செல்வி.

"நல்லா இருக்குதும்மா."

"எவ்ளோ சார் போடுவீங்க?"

"இப்போ இருபத்தெட்டு போவுதும்மா."

ரோஸி, "அக்கா" என்றாள்.

கலைச்செல்வி என் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் சார் பாதிக்கும் கீழ?"

"பாடி மாறிடுச்சும்மா."

"அது எனக்கும் தெரியும் சார். நான் கேக்கறது வேற. நாங்க வாங்க வந்த அன்னிக்கு அது வரப்போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் சொல்வதென்று வைத்திருந்தேன். ஆனால் அவர் முதல் தடவை பார்த்த மாதிரியே பார்த்தார்.

"தெரியும்மா" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். இல்லை. கணக்குப் போடுகிறவர் மாதிரி மெதுவாகப் பேசினார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா பதினஞ்சு நாள் பொறுத்திருப்போம். இதே மெஷின் ரெண்டு வாங்கற காசுல நாலு வாங்கியிருக்கலாம். ஊர்லயே இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்கு வேல குடுத்திருப்பேன். உங்களத்தான் சார் கேட்டேன். உங்க மொதலாளி சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன்."

சீட்டை எடுத்து நாற்பத்தைந்து என்று எழுதினேன். "மொதலாளிகிட்ட சொல்லிப் பாக்கறேம்மா" என்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

விழுப்புரம் வந்து சீட்டை முதலாளி மேஜையில் வைத்தேன். எடுத்துப் படித்தார்.

"நல்லா பாத்தீங்களா பிரகாசம்?"

"நல்லாதான் பாத்தேங்க. மெஷின்ல ஒரு கொறையும் இல்ல. நாமதான் வித்தோம்."

"மார்க்கெட்டு என்ன போவுது?"

"இருபத்தெட்டு."

சீட்டை நான்காக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். கோபமே இல்லை. "வயசாவுது, வெயில்ல அலையறீங்க. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி நீங்களே சொல்லிடுங்க."

நானே சொன்னேன். அந்தப் பக்கம் கலைச்செல்வி, "எனக்குத் தெரியும் சார். வேணாம், விக்கல. ரோஸிக்குப் பங்கா மெஷினையே குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அடுத்த மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, திண்டிவனத்தில் ஒரு கிளை ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னார். "நம்பிக்கையான ஆளு வேணும். உங்க ஊர்ப்பக்கம்தானே." என்னை விழுப்புரத்திலிருந்து ஒதுக்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. தினமும் காலையில் விழுப்புரத்திலிருந்து ரயிலில் போய், சாயங்காலம் திரும்பினேன். அங்கே விலை கேட்டு வருகிறவர்களிடம் எனக்குத் தெரிந்ததை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். "ரெண்டு மாசத்துல புதுசு வருதுன்னு பேசிக்கறாங்க, யோசிச்சு வாங்குங்க" என்பேன். சில பேர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. பொறுத்திருக்கச் சொன்னால் யார்தான் திரும்பி அதே கடைக்கு வருவார்கள்? முதலாளி ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. சரக்கு அனுப்புவதை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசி ஆறு மாதம் காலி ரேக்குகளைத் துடைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தேன். கிளையை மூடியபோது எனக்கும் வயது ஆகிவிட்டிருந்தது. கடையில் ஒரு சால்வை போர்த்தினார்கள். முதலாளி நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணம். ஆல்பத்தின் மாதிரிப் பக்கங்களை ஸ்டுடியோக்காரர் அனுப்பினார். என் மனைவியின் பெயர் தப்பாக இருந்தது. எங்கே செய்கிறீர்கள் என்று கேட்டேன். கண்டாச்சிபுரத்தில் ஒரு அம்மா செய்கிறார்கள், வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும், திருத்திவிடுவார்கள் என்றார். நான் பஸ் ஏறினேன்.

அதே மாடி. இப்போது நான்கு மேஜைகள், நான்கு பெண்கள். மூன்று மேஜைகளில் புது ஷேப் மெஷின். கலைச்செல்வி மட்டும் பழையதில் வேலை செய்துகொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார்" என்று நாற்காலி காட்டினார். பெயர் தப்பு என்றேன். "எழுதிக் குடுங்க சார்" என்று வாங்கி, தானே திருத்தி, பெரிதாக்கிக் காட்டினார். சரியாக இருந்தது. என் மகளும் மருமகனும் திரை நிறையச் சிரித்தார்கள்.

"ரோஸி நல்லா இருக்குதாம்மா?"

"தெரியல சார். அந்த மெஷின அப்பவே புதுச்சேரியில இருபத்தஞ்சுக்கு வித்துட்டா. நான்தான் ஏமாத்திட்டேன்னு அவங்க வீட்டுல பேச்சு. அதுக்கப்புறம் அவளும் நானும் பேசிக்கறதில்ல."

ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். ஒரே ஸ்கூட்டியில் வந்து இறங்கியவர்கள்.

எழுந்து நின்றேன். "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

கலைச்செல்வி திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கணும் சார்" என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்கவில்லை என்று நான் எழுதினால் பொய். அதற்காகத்தான் போயிருந்தேன்.